குளியலறையில் ஒரு பச்சை மக்

அன்புள்ள ஆலோசகருக்கு வணக்கம்.

இப்படி ஒரு விஷயத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது நான்காவது. என் பெயரை வெளியிட வேண்டாம்.

எனக்கு வயது 41. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இது பதினோராவது வருடம். காலை எட்டு மணிக்கு பஸ் ஏறினால் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நின்று நின்று போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது. சாயங்கால நெரிசலில் இன்னும் அதிகம். வீடு திரும்ப ஏழரை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் இரவு வீட்டுக்கு வரும் வரை நான் எங்கும் கழிவறைக்குப் போவதில்லை. ஆறு வருடமாக இப்படித்தான். காலையில் அரை டம்ளர் காபி, மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மடக்குத் தண்ணீர். அதோடு சரி.

ஏன் என்று கேட்பீர்கள். நான் போய் வரும் வழியில் ஒரு பஸ் நிலையம் இருக்கிறது. எது என்று எழுதவில்லை. எழுதினால் மட்டும் மாறிவிடப் போகிறதா? வாசலில் ஒரு மேசை, ஒரு சில்லறை டப்பா, ஒரு பெண். காசு வாங்கும்போது நம் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். உள்ளே தரை முழுவதும் தண்ணீர். அது தண்ணீர்தானா என்று யாருக்குத் தெரியும்? தாழ்ப்பாள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சணல் கயிறு. மக்கைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அதை எத்தனை கைகள் தொட்டிருக்கும்! யார் யாரோ, எந்தெந்த மாதிரி ஆட்களோ வந்து போகிற இடம். சேலையைத் தூக்கிப் பிடித்து, கைப்பையைக் கழுத்தில் மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். அப்படியே வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு முறை குளித்தும் அந்தத் தரை என் காலிலேயே ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. அதோடு முடிவு செய்தேன், இனி எங்கும் போவதில்லை என்று.

ஆபீஸில் பெண்களுக்குத் தனிக் கழிவறை உண்டு. ஆறு பேர். படித்தவர்கள்தான். ஆனால் படிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதைப் போய்ப் பார்த்தால் தெரியும். கை கழுவப் போகும்போதுகூடக் கதவின் கைப்பிடியைக் கைக்குட்டையால்தான் பிடிப்பேன்.

கணவர் இதைப் புரிந்துகொள்வதே இல்லை. "ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்காதே" என்று பழமொழி சொல்லிச் சிரிக்கிறார். ஆண்களுக்கு என்ன, வண்டியை ஓரம் கட்டி ஒரு மரத்தைப் பார்த்து நின்றுவிடுவார்கள். போன ஆவணியில் வில்லியனூர் பக்கம் நாத்தனார் வீட்டுத் திருமணம். மண்டபத்தில் கழிவறை இருந்த நிலையைப் பார்த்துவிட்டு நான் தாலி கட்டியதும் கிளம்பிவிட்டேன். சாப்பிடாமல் போய்விட்டாள் என்று இன்று வரை அவர்கள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் மூன்று நாள் சுற்றுலா அழைத்துப் போனார்கள். வழியில் எங்கெங்கே நிறுத்துவார்களோ என்று நான் அனுப்பவில்லை. அதற்கும் என்மேல்தான் கோபம்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் இந்த வருடத்தில் மட்டும் மூன்று முறை நீர்க்கடுப்பு வந்துவிட்டது. மூன்றாவது முறை குளிர் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. டாக்டர் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொன்னார், இ.கோலை என்ற கிருமி இருப்பதாக வந்தது. அந்த ஆபீஸ் கைப்பிடிதான் காரணம் என்று எனக்குச் சந்தேகம். ஜாக்கிரதையாக இருக்கும்போதே இப்படி என்றால், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்?

இது எங்கே ஆரம்பித்தது என்று யோசித்தால் 2011இல் வந்த 'தானே' புயல்தான் ஞாபகம் வருகிறது. பிரசவத்துக்குப் பண்ருட்டியில் அம்மா வீட்டில் இருந்தேன். பையன் பிறந்து பன்னிரண்டாம் நாள் புயல். வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாது, தொட்டியில் தண்ணீர் கிடையாது. கூரை போன உறவுக்காரர்களும் எங்கள் வீட்டில்தான். பதினான்கு பேருக்கு ஒரே கழிவறை. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. பிள்ளை பெற்ற உடம்பு, எனக்கு எழுந்து நிற்கவே முடியாது. அம்மாதான் அடிகுழாயில் அடித்துக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்.

என் வீட்டில் அப்படி ஒரு நாற்றம் வரவே கூடாது என்று அன்றைக்கே நினைத்தேன். இப்போது வந்து பாருங்கள், பளிங்கு மாதிரி இருக்கும். வேலையிலிருந்து வந்ததும் நேராகக் குளியல். கட்டிய சேலை தனி பக்கெட்டில். கணவரோ மகனோ கழிவறைக்குப் போய் வந்தால் உடனே பினாயில் ஊற்றி, பிரஷ் போட்டு, கைப்பிடி வரை துடைத்துவிடுவேன். சுத்தம் என்பது பழக்கம்தான். பழகினால் யாருக்கும் வந்துவிடும். சித்திரையில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. அப்பா இல்லை, பண்ருட்டியில் தனியாக இருக்கிறார் என்பதால், சொட்டு மருந்து முடியும் வரை ஒரு மாதம் என்னோடு இருக்கட்டும் என்று நான்தான் அழைத்து வந்தேன். அம்மாவுக்கு 69. தும்மினால் இருமினால் கொஞ்சம் நனைந்துவிடும். இரவில் மூன்று நான்கு முறை எழுந்திருப்பார். அதனால் அவருக்கென்று ஒரு பச்சை மக் தனியாக வாங்கி வைத்தேன். அவர் போய் வந்ததும் நான் எழுந்து கழுவிவிடுவேன், இரவு இரண்டு மணியானாலும். ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. மூன்றாம் நாளே அம்மாவுக்கும் பழகிவிட்டது. மாலைக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். காபிகூட வேண்டாம் என்றார். கேட்டால் "தாகமே எடுக்கவில்லை" என்றார். ஆறாம் நாள், பலாக்காய் இறக்க ஆள் வருகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். பஸ் ஏற்றிவிடும்போது, கண்ணில் அறுவை செய்தவர் அழக் கூடாதே என்று நானும் அழாமல் இருந்தேன். அடுத்த கண்ணுக்குக் கார்த்திகையில் செய்ய வேண்டும். இந்த முறை பண்ருட்டியிலேயே இருந்துகொள்கிறேன் என்கிறார். இதெல்லாம் இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத விஷயம், எழுத வந்ததால் எழுதினேன்.

என் கேள்விகள் இவைதான். கைப்பையில் வைத்துக்கொள்ளும் கிருமிநாசினி ஸ்பிரேயில் எது நல்லது? சீட்டில் உட்கார்ந்தால் என்னென்ன நோய் வரும்? சீட்டின் மேல் விரிக்கும் காகிதம் போதுமா? நிர்வாகத்துக்கு மனு எழுதினால் பலன் உண்டா? கேலி செய்யும் கணவருக்கு எப்படிப் புரியவைப்பது? நான் சுத்தம் பார்ப்பது ஒரு குற்றமா? அந்தப் பஸ் நிலையத்தை ஒரு முறை நீங்கள் பார்த்தால் என் பக்கம்தான் பேசுவீர்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அந்தச் சணல் கயிறு என் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டாவது முறை, 'தேவையில்லாத விஷயம்' என்று நீங்களே ஓரத்தில் தள்ளிய இடத்தில் நின்றுவிட்டேன். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஸ்பிரே கேள்விகளை முதலில் முடித்துவிடலாம், அவை சின்னவை.

எந்த ஸ்பிரேயும் பெரிய வித்தியாசம் செய்யாது. கழிவறை சீட்டில் உட்காருவதால் பால்வினை நோய்கள் வருவதில்லை; அந்தக் கிருமிகள் உடலுக்கு வெளியே அதிக நேரம் தாக்குப்பிடிக்காதவை. காயமில்லாத தொடைத் தோல் நல்ல மதில் சுவர். பொதுக் கழிவறையில் நீங்கள் அஞ்ச வேண்டிய உறுப்பு ஒன்றுதான், உங்கள் கை. அது வாய்க்குப் போகும்போதுதான் வயிற்றுப்போக்கும் மற்றவையும் வருகின்றன. சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்துக் கழுவினால் அந்தக் கதை முடிந்தது. காகிதம் விரிப்பது மனத்துக்கு ஆறுதல் தரும், அவ்வளவுதான். சீட்டில் படாமல் அரை நாற்காலியாக நிற்பது மட்டும் வேண்டாம். அப்போது இடுப்புத் தசைகள் தளராமல் இறுகியே இருக்கும், நீர் முழுவதும் இறங்காமல் கொஞ்சம் சிறுநீர்ப்பையிலேயே தங்கிவிடும். நம் ஊர் இந்தியன் கழிவறையில் முழுதாகக் குந்தி உட்காருவதில் இந்தத் தொல்லை இல்லை. காலைத் தவிர வேறெதுவும் படுவதும் இல்லை.

மனு எழுதுங்கள். தாழ்ப்பாளுக்குப் பதில் கயிறு கட்டியிருப்பதற்கும் உங்கள் மனத்துக்கும் சம்பந்தம் இல்லை. அது நிர்வாகத்தின் குறை. தூய்மை இந்தியா திட்டம் 2014 அக்டோபர் 2இல் தொடங்கியதிலிருந்து கழிவறைகள் கட்டப்படுவதைப் பற்றி நிறையக் கேட்டுவிட்டோம். கட்டிய பிறகு தாழ்ப்பாள், விளக்கு, தண்ணீர், அதைப் பராமரிப்பவருக்கு ஒழுங்கான சம்பளம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்பது குறைவு. நீர் அடக்கிக்கொண்டு பஸ்ஸில் போகும் பெண் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை. கடைகளில் நிற்கும் பெண்கள், பள்ளிக்குப் போகும் சிறுமிகள் என்று எத்தனையோ பேர் இப்படித்தான் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். இந்த இடத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். உங்கள் கணவரின் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அவர் சொன்ன பழமொழி சரி.

ஒரு கணக்குக் கேட்கிறேன், நீங்கள் கணக்கு எழுதுகிறவர். ஆறு வருடமாகப் பொதுக் கழிவறை எதற்குள்ளும் நீங்கள் போகவில்லை. ஆபீஸ் கைப்பிடியைக் கைக்குட்டையால் பிடிக்கிறீர்கள். வீடு பளிங்கு. அப்படியிருக்க அந்த இ.கோலை எங்கிருந்து வந்தது? அது உங்கள் குடலில் குடியிருப்பது. என் குடலிலும் இருக்கிறது. குடலில் இருக்கும் வரை பெரும்பாலும் சாது. ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலிலிருந்து அது சிறுநீர்ப் பாதைக்குள் ஏறினால் கடுப்பு. பெண்களுக்கு அந்தப் பாதை நான்கு சென்டிமீட்டர் அளவுதான், ஆண்களுக்கு இருபது. ஏறுகிற கிருமியை வெளியே தள்ளுவதற்கு உடம்பு வைத்திருக்கும் எளிய வழி, போதுமான தண்ணீரும் அடிக்கடி நீர் பிரிவதும். நீங்கள் பதினொன்றரை மணி நேரம் மடையை அடைத்து வைக்கிறீர்கள், வாய்க்காலில் தண்ணீரும் விடுவதில்லை. அந்தக் கைப்பிடி பாவம், அதை விட்டுவிடுங்கள். உங்கள் ஜாக்கிரதைதான் உங்களை நோயாளியாக்கிக்கொண்டிருக்கிறது. வருடத்தில் மூன்று முறை வந்தால் அது திரும்பத் திரும்ப வரும் தொற்று என்ற கணக்கில் சேரும். குளிர் காய்ச்சல் வந்தது சிறுநீரகம் வரை போயிருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை. சர்க்கரைப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவையா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பகலில் தண்ணீர் குடிப்பதில்லை என்ற உண்மையையும் அவரிடம் சொல்லுங்கள். சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

நம் சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. உடம்பில் தானாக எழும் உந்துதல்கள், அடக்கக் கூடாதவை அவை. தும்மல், கொட்டாவி, பசி, தூக்கம் எல்லாம் அதில் இருக்கின்றன. சிறுநீர் இருக்கிறது. தாகம் இருக்கிறது. கண்ணீரும் இருக்கிறது. நீங்கள் முதலிரண்டை அடக்குவதைப் பற்றி நான்கு பக்கம் எழுதினீர்கள், மூன்றாவதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பஸ் ஏற்றிவிடும்போது அழாமல் இருந்தேன் என்று.

இனி அந்தப் பச்சை மக்குக்கு வருவோம்.

நீங்கள் மதியம் இரண்டு மடக்கோடு நிறுத்துகிறீர்கள். அம்மா மாலையோடு நிறுத்தினார். ஆபீஸில் யாராவது ஏன் தண்ணீரே குடிப்பதில்லை என்று கேட்டால் நீங்களும் தாகமில்லை என்றுதான் சொல்லி வைப்பீர்கள். தாலி கட்டியதும் சாப்பிடாமல் திருமண மண்டபத்திலிருந்து கிளம்பினீர்கள். அம்மா ஒரு மாதம் இருக்க வந்துவிட்டு ஆறாம் நாள் கிளம்பினார். அவருக்குப் பலாக்காய் என்று ஒரு காரணம் கிடைத்தது. உங்களுக்கு என்ன காரணம் கிடைத்ததோ, நாத்தனாரிடம் சொன்னது. சகோதரி, உங்கள் அம்மா சுத்தம் பழகவில்லை. உங்கள் வீட்டுக் கழிவறை அவருக்கு ஒரு பஸ் நிலையக் கழிவறை ஆகிவிட்டது. வாசலில் மேசை போட்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

காசு வாங்கும் அந்தப் பெண் முகத்தைப் பார்ப்பதில்லை என்று குறைப்பட்டீர்கள். அவர் ஏன் பார்ப்பதில்லை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உள்ளே போகிறவர்களின் கூச்சம் அவருக்குத் தெரியும். எத்தனை முறை போகிறாய், எவ்வளவு நேரம் இருக்கிறாய் என்று அவர் எண்ணுவதில்லை. இரவு இரண்டு மணிக்குக் கண்ணில் மருந்து போட்ட 69 வயதுப் பெண்மணி, சத்தம் வராமல் கதவைத் திறந்து, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போய்விட்டுத் திரும்பிப் படுக்கிறார். படுத்ததும் மகள் எழுந்திருக்கும் சத்தம். பக்கெட் நகரும் சத்தம். பிறகு பிரஷ். ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை என்கிறீர்கள். அந்தப் பிரஷ் சொன்னதற்கு மேல் நீங்கள் என்ன சொல்ல வேண்டும்?

இன்னொன்றும் கேட்க வேண்டும், கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன் தனி மக்? எல்லாரும் தொடுவதால்தான் அந்தச் சங்கிலி மக் உங்களுக்கு அருவருப்பு என்றால், உங்கள் வீட்டு மக்கை நீங்களும் கணவரும் மகனும் தொடுகிறீர்களே. நான்காவது கை உங்கள் அம்மாவுடையது. அதற்குள் என்ன வந்துவிட்டது? கிருமி சோப்புக்கு அடங்கும். நீங்கள் கழுவிக்கொண்டிருப்பது சோப்புக்கு அடங்காத ஒன்றை. அதற்கு நம்மிடம் பழைய பெயர் ஒன்று இருக்கிறது, தீட்டு. எத்தனை வாளி ஊற்றினாலும் போகாது, ஏனென்றால் அது தரையில் இல்லை. 'எந்தெந்த மாதிரி ஆட்களோ' என்று எழுதினீர்கள். அந்த வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். தனிக் குவளை என்ற சொல்லுக்கு நம் டீக்கடைகளில் ஒரு வரலாறு இருக்கிறது. நீங்கள் அதை நினைத்து வாங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒருவரை மனத்தில் தள்ளி வைப்பதற்கு நாம் கண்டுபிடித்த கருவி எப்போதுமே இன்னொரு குவளைதான். கை தானாக அதைத் தேடிப் போய்விடுகிறது.

உங்களைக் கல்நெஞ்சக்காரி என்று நான் நினைக்கவில்லை. ஒரு மாதம் வைத்துப் பார்த்துக்கொள்ள நினைத்து அழைத்து வந்தவர் நீங்கள்தான். கடிதம் முழுக்க மற்றவர்கள் மேல் குறை. அந்த ஒரு பத்தியில் மட்டும் யார் மேலும் குறை இல்லை. தேதி, வயது, மக்கின் நிறம், அம்மா சொன்ன வார்த்தை எல்லாம் அப்படியே நினைவில் இருக்கின்றன. தேவையில்லாத விஷயத்தை யாரும் இவ்வளவு நுணுக்கமாக நினைவில் வைத்திருப்பதில்லை. அம்மாவை நான்தான் விரட்டிவிட்டேனோ என்ற கேள்வியை எழுத முடியாமல், எந்த ஸ்பிரே நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இது எப்படி இவ்வளவு தூரம் வந்தது? நீங்கள் தினமும் புதுச்சேரி போகிறவர், அதனால் கடலை வைத்தே சொல்கிறேன். 1980களின் கடைசியில் அங்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்தடுப்புகள் கட்டினார்கள். கரையோரமாக நகர்ந்து வந்துகொண்டிருந்த மணல் தடுப்பில் நின்றுபோனது, நகரத்துக் கடற்கரை கரைந்தது. அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். பாறை போட்ட இடம் நின்றது. கடல் அடுத்த இடத்தைத் தின்றது. அங்கேயும் பாறை. அரிப்பு இன்னும் வடக்கே போய் மீனவர் கிராமங்களின் வீடுகளைத் தொட்டது. உங்கள் ஒவ்வொரு ஜாக்கிரதையும் அப்படி ஒரு பாறை. பஸ் நிலையத்தைத் தவிர்த்தீர்கள், அன்றைக்கு நிம்மதி. பயம் ஆபீஸுக்கு நகர்ந்தது. அங்கே கைக்குட்டை. பிறகு மண்டபம், மகனின் சுற்றுலா, கணவர் போய் வந்த பின் பினாயில். கடைசியில் அது அம்மாவின் கட்டில் வரை வந்துவிட்டது. தவிர்த்த அந்த நிமிடத்தில் கிடைக்கும் நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. ஆபத்து நிஜமாகவே இருந்ததால்தான் தப்பித்தோம் என்று மனம் குறித்து வைத்துக்கொள்கிறது.

ஆகவே ஆரம்பிக்க வேண்டிய இடம் பஸ் நிலையம் இல்லை. அதைக் கடைசியில் பார்க்கலாம். பார்க்காமலே போனாலும் எனக்கு வருத்தமில்லை. உங்கள் வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். கழிவறையை நாளுக்கு ஒரு முறை கழுவினால் போதும். யாராவது போய் வந்ததும் கை பினாயிலைத் தேடும். பத்து நிமிடம் தள்ளிப் போடுங்கள். மறுநாள் அரை மணி. நெஞ்சு படபடக்கும், காலில் ஏதோ ஊர்வது போல இருக்கும். அதோடு சண்டை போடாமல் அடுப்படி வேலையைப் பாருங்கள். ஏறிய பதற்றம் நீங்கள் எதுவும் செய்யாமலே இறங்குவதை உங்கள் உடம்பு ஒரு முறை கண்டுவிட்டால், அடுத்த முறை அவ்வளவு உயரம் ஏறாது. ஆபீஸில் காலை பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர், மூன்று மணிக்கு ஒரு டம்ளர். அது தானாகவே உங்களை அந்த ஆறு பேரின் கழிவறைக்கு அழைத்துப் போகும். கணவரிடம் சிரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சுத்தமாகத்தான் இருக்கிறது என்று நூறு முறை உறுதி கொடுக்கவும் வேண்டாம். மகனை அடுத்த சுற்றுலாவுக்கு அனுப்புங்கள்.

இந்தக் கழுவலும் குளியலும் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால், இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) என்று ஒன்று உண்டு, ஒரே பயமும் அதைத் தணிக்கச் செய்யும் ஒரே செயலும் திரும்பத் திரும்ப வருவது. உங்களுக்கு அதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன், நேரில் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். இருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, அதற்கு நல்ல பயிற்சியும் மருந்தும் இருக்கின்றன. கோரிமேட்டில் ஜிப்மரின் மனநலப் பிரிவு உங்களுக்கு எட்டாத தூரம் இல்லை. பேசிப் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணுக்கு (டெலி மானஸ்) கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

அம்மாவைப் பற்றி ஒரு மருத்துவக் குறிப்பு. தும்மினால் நனைவது இடுப்புத் தளத் தசைகளின் தளர்ச்சி. பிள்ளை பெற்ற பெண்களுக்கு வயதாக ஆகச் சாதாரணமாக வருவது. பயிற்சியால் குறையக் கூடியது. இரவில் நான்கு முறை எழுந்திருப்பதற்குச் சர்க்கரையோ தொற்றோ காரணமாக இருக்கலாம். அவரையும் டாக்டரிடம் காட்டுங்கள். 69 வயதில், சித்திரை வெயிலில், மாலையோடு தண்ணீரை நிறுத்துவது விளையாட்டு இல்லை. கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்குப் போடுங்கள்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்தது. அதை நாற்றத்தின் நினைவாக எழுதினீர்கள். அதே நினைவில் அடிகுழாயில் தண்ணீர் அடிக்கும் ஒரு பெண் இருக்கிறார். பதினான்கு பேர் போய் வந்த இடத்தில் ஊற்றினார். எழுந்து நிற்க முடியாத உங்களுக்கும் பன்னிரண்டு நாள் குழந்தைக்கும் துணி அலசியவரும் அவராகத்தான் இருக்க வேண்டும். அதற்காக அவர் தனிக் குடம் ஏதும் வாங்கியதாக நீங்கள் எழுதவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிக்குப் போங்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் வேண்டாம், அம்மாக்கள் அதைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அங்கே தண்ணீர் வாங்கிக் குடியுங்கள், அங்கேயே கழிவறைக்கும் போங்கள். கார்த்திகையில் கண்ணைச் செய்ததும் வீட்டுக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பச்சை மக்கைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்துக்கொள்ளலாம். அம்மா வந்த அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் காபி போடுங்கள், அரை டம்ளர் இல்லை, முழு டம்ளர். எதிரில் உட்கார்ந்து நீங்களும் ஒரு டம்ளர் குடியுங்கள். அவர் முழுவதும் குடிக்கிறாரா, பாதியில் வைத்துவிடுகிறாரா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.